நாகரசம்பட்டியில் ஒரு கூகைக் குடும்பம்

டிசம்பரில் ஓசூர் இவ்வளவு குளிரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஈப்போவிலிருந்து கொண்டுபோன அரைக்கைச் சட்டைகளோடு மூக்கண்டப்பள்ளியில் இறங்கி, முதல் வேலையாகச் சாலையோரக் கடையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். கடைக்காரர் என் தமிழைக் கேட்டுவிட்டு, "யாழ்ப்பாணமா?" என்றார். மலேசியா என்றேன். "அங்க குளிராதா?" என்று கேட்டார். குளிராது என்றேன். அவருக்கு அது ஒரு குறையாகத் தோன்றியது போலும், ஒரு கம்பளிக் குல்லாவையும் எடுத்து நீட்டினார்.

எங்கள் பட்டறை செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், ஆலைகளின் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. ஓர் ஆலைக்கு வேண்டிய பெரிய பல்சக்கரங்களை ஓசூரில் ஒரு சிறிய பட்டறையில் செய்யக் கொடுத்திருந்தார் முதலாளி. அளவு பார்த்து, சரியாக இருந்தால் பெட்டி கட்டி அனுப்பிவிட்டு வர வேண்டியது என் வேலை. போனால் சக்கரங்கள் அங்கே இல்லை. உலையில் சூடேற்றிப் பதப்படுத்துவதற்காக வேறோர் இடத்துக்குப் போயிருந்தன. அங்கே வரிசை நீளமாம்.

"நாளைக்கு வந்துடும் சார்" என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள்.

நானும் என் மனைவியும் பிரிந்து ஓராண்டு ஆகியிருந்தது. மகள் அம்மாவோடு பினாங்கில் இருக்கிறாள். சொந்த ஊரில் தனியாக இருப்பதைவிட வேற்று நாட்டில் தனியாக இருப்பது சுலபம் என்று நினைத்துத்தான் முதலாளி கேட்டவுடன் ஒப்புக்கொண்டேன். அப்படியெல்லாம் இல்லை. விடுதி அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் மாடிகள் முழுக்கத் தொழிலாளர்களின் நீலச் சட்டைகள் காய்ந்தன. ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் கம்பெனி பஸ்கள் வந்து ஆட்களை இறக்கிவிட்டு வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. எல்லாருக்கும் போவதற்கு ஓர் இடம் இருந்தது.

எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் ஒரு கிளாஸ் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் டீ, வாங்கினால் அரை நாள் உட்காரலாம். இங்கே டீ நின்றபடியே இரண்டு வாயில் முடிந்துவிடுகிறது. முடிந்த பிறகு அங்கே நிற்பதற்குக் காரணம் இல்லாமல் போகிறது. நான் இரண்டாவது டீ வாங்கிக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் ஒரு வடநாட்டு இளைஞன் கையில் பன்னை வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். படங்கள் பார்த்து எனக்குக் கொஞ்சம் இந்தி புரியும். "சோறு, பருப்பு, கறி எல்லாம் சாப்பிட்டேன் அம்மா. வயிறு நிறைந்துவிட்டது" என்றான். பிறகு பன்னைக் கடித்தான்.

சும்மா இருக்க முடியாமல் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் நடந்தேன். கோழிக்கடைகளுக்கு மேலே பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. கடைக்காரர் குடலையும் தோலையும் ஓடைப்பக்கம் வீசினார். தரையில் விழுவதற்குள் பாதியைப் பருந்துகள் அள்ளிவிட்டன. அவை மட்டும் இல்லாவிட்டால் அந்த ஓடையோரம் மூக்கைத் திறந்து நடக்க முடியாது. இன்னும் கொஞ்சம் தள்ளி, இரண்டு கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே ஒரு துண்டு ராகிக் கொல்லை மிச்சம் இருந்தது. அறுத்துவிட்டிருந்தார்கள். அதன் மேலே கருந்தோள் பருந்து ஒன்று காற்றில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. காக்கையைவிடச் சற்றே சிறியது, வெள்ளை உடம்பு, தோளில் கறுப்பு. கல் போல விழுந்து ஒரு சுண்டெலியோடு எழுந்து போனது.

ஒரு கம்பெனியின் வாயில்காவலர் என்னிடம் வந்தார். "யாரு சார் நீங்க? சர்வேக்கு வந்தீங்களா?"

"இல்ல, பருந்து பாக்குறேன்."

"அது எந்தக் கம்பெனி?" என்றார்.

பட்டறையில் பிரான்சிஸ் என்ற கடைசல்காரர் மட்டும் என்னோடு இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசுவார். சனிக்கிழமை மாலை கையைத் துடைத்தபடி வந்தார். "நாளைக்கு லீவு. ரூம்ல மோட்டுவளையப் பாத்துகினு என்ன பண்ணுவீங்க சார்? நாகரசம்பட்டில எங்க அக்கா ஊடு இருக்குது. வாங்க, களி சாப்பிட்டு வரலாம்."

பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் ஒரு கன்னடத் தம்பதி. அந்த அம்மாள் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். என்ன பேசுகிறார் என்று பிரான்சிஸைக் கேட்டேன். "ஜன்னலச் சாத்துன்னா சாத்த மாட்டாரு, அப்புறம் ராத்திரியெல்லாம் இருமுவாரு, நான்தான் எழுந்து வெந்நீர் வெக்கணும், அப்படீன்னு திட்டுது சார்." கணவர் ஜன்னலைச் சாத்தினார். சூளகிரி வரை நான் அந்த இரண்டு தலைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது.

பஸ் கிருஷ்ணகிரி ஊருக்குள் போகாது என்று நடத்துநர் மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டார். ஏறும்போது போகும் என்று சொன்னவரும் அவர்தான். பிரான்சிஸ் சண்டை போட்டுப் பார்த்தார். பஸ் போய்விட்டது. பிறகு ஒரு ஷேர் ஆட்டோ, காவேரிப்பட்டணத்தில் ஒரு டவுன் பஸ், கடைசியில் மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு நடை.

பிரான்சிஸின் அக்கா பெயர் ஆரோக்கியம். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். போன வருடம் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது சாலையில் இறந்துவிட்டார். மகள் பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். இருக்கிற மானாவாரி நிலத்தையும் கொஞ்சம் தக்காளியையும் அந்த அம்மாள் ஒருவராகப் பார்த்துக்கொள்கிறார்.

களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். நான் களியை மென்றேன். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெல்லக் கூடாதுங்கண்ணா. குழம்புல பொரட்டி அப்படியே முழுங்கணும்" என்றார் ஆரோக்கியம். அவர் சிரித்ததை அந்த ஒரு தடவைதான் அன்று பார்த்தேன்.

சாப்பிட்டபின் நிலத்தைக் காட்டக் கூட்டிப்போனார். ராகிக் கதிரை அறுத்துப் போர் போட்டிருந்தார்கள். போரைச் சுற்றி எலி வளை. தக்காளியில் சொட்டுநீர்க் குழாய்களை எலி கடித்துக் கடித்துத் தண்ணீர் கண்ட இடத்தில் பீய்ச்சியடித்தது.

"தாங்க முடியலீங்க. போன வாரந்தான் கடையில கேக்கு வாங்கி வளை வளையா வெச்சேன்" என்றார். நீல நிறத்தில் எலி விஷம். வளைகளின் வாயில் துண்டு துண்டாக இன்னும் கிடந்தது.

நிலத்தின் மூலையில் பாழுங்கிணறு ஒன்றும், அதையொட்டிக் கதவில்லாத பழைய பம்ப்செட் கொட்டகையும் இருந்தன. ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகு அங்கே மோட்டார் இல்லை. கொட்டகை வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கூகை செத்துக் கிடந்தது. இறக்கை விரிந்து, பாதியாக வெட்டிய ஆப்பிள் போன்ற அந்த வெள்ளை முகம் மண்ணில் பதிந்திருந்தது. காயம் எதுவும் இல்லை. மூக்கோரம் மட்டும் ரத்தம் உறைந்திருந்தது.

"சாக்குருவி" என்றார் ஆரோக்கியம். "போவட்டும்."

அவர் குரல் மாறியிருந்தது. பிரான்சிஸ் என் கையைத் தொட்டார். பிறகு தனியாகச் சொன்னார்: மாமா இறந்த இரவு இந்தப் பறவை கொட்டகையின் மேல் உட்கார்ந்து அலறியதாம். பக்கத்து நிலத்து ராஜம்மா உட்பட ஊரே அதைச் சொன்னதாம். அன்றிலிருந்து அக்கா இந்தப் பக்கம் வந்தாலே கல்லெடுத்து வீசுவாராம்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். விருந்தாளி. ஆனால் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சைக்கிள் டயரில் காற்று இறங்குவது போன்ற சீறல். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர்ப் பட்டறைக்கு வருமுன் நான் சில ஆண்டுகள் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தேன். கம்பங்களின் மேல் கூகைக்காக வைத்த மரப்பெட்டிகளைச் சுத்தம் செய்வதுதான் வேலை. செம்பனைப் பழத்தை எலி கொறித்துக் கொறித்துப் பாழாக்கும். விஷம் வைத்துச் சலித்துப்போன பிறகு தோட்டத்தார் பெட்டி வைத்தார்கள். கூகைகள் வந்து குடியேறின. எலி அடியோடு ஒழியவில்லை. ஆனால் பொறுத்துக்கொள்ளும் அளவுக்குக் குறைந்தது, விஷம் வாங்குவதும் குறைந்தது. விஷம் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். சுலபமாகச் சிக்குகிற அந்த எலியைத்தான் கூகை முதலில் பிடிக்கும்.

உள்ளே பரண் போன்ற ஒரு மேடையில் நான்கு குஞ்சுகள் சுவரோடு ஒட்டி நின்றன. கூகைக் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிபவை. அதனால் அளவும் படி வைத்தாற்போல் இருந்தது. கடைசிக் குஞ்சு என் உள்ளங்கைக்குள் அடங்கும். தரையெல்லாம் கறுப்பு உருண்டைகள் கிடந்தன. ஒன்றை எடுத்து ஆரோக்கியத்தின் முன்னால் பிரித்தேன். ரோமமும் சின்னச் சின்ன எலும்பும் வந்தன. மஞ்சள் பல்லோடு ஒரு எலி மண்டையும் வந்தது.

"இதெல்லாம் உங்க எலிதான்" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். உருண்டைகள் குவியலாகக் கிடந்தன. "அப்ப இதுங்களுக்கு இனி யாரு எர போடுவா?" என்று கேட்டார்.

தாயோ தகப்பனோ, இன்னொன்று மிச்சமிருக்க வேண்டும் என்றேன். அதுவும் விஷ எலியைத் தின்றிருக்காவிட்டால்.

பிரான்சிஸ் மாலை பஸ்ஸுக்கு ஓசூர் போனார். நான் போகவில்லை. பல்சக்கரம் வந்தால் போன் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுக் காவேரிப்பட்டணத்தில் அறை எடுத்தேன். எதற்காக என்று கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

மறுநாள் நான் போனபோது ஆரோக்கியம் இரு கைகளிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, வளை வளையாகக் குனிந்து நீலத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பழைய வாளி முக்கால்வாசி நிறைந்திருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "வெக்கும்போது இவ்ளோ வெச்சேன்னு தெரியலீங்க" என்றார்.

இரைக்கு அவர் நிலத்து எலி ஆகாது. விஷம் தின்றதாக இருக்கலாம். ராஜம்மா விஷம் வைப்பதில்லை, மூங்கில் கிட்டி வைத்துப் பிடிப்பார். அவரிடம் போய்க் கேட்டோம். அறுபதை நெருங்குகிற, குரல் பெரிய பெண்மணி.

"சாக்குருவிக்கு எலியா? ஏம்மா ஆரோக்கியம், ஒனக்கு மூளை கலங்கிப்போச்சா? அது கத்தித்தான் ஒம் புருசன்..."

"ராஜம்மாக்கா" என்றார் ஆரோக்கியம். "அந்த லாரிக்காரன் கண்ணு அசந்து வந்தான். இது எங்கியோ கொட்டாய்மேல கத்துச்சு. யார் மேலயாவது கோவப்படணும்போல இருந்துச்சு, இதுமேல பட்டேன். எலி குடுக்கிறியா, இல்லியா?"

ராஜம்மா உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் இரை கொடுத்தோம். பெரிய குஞ்சுகள் எலியை முழுசாக விழுங்கின. கடைசி இரண்டுக்கும் நான் கத்தியால் துண்டு போட்டேன். முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்ட ஆரோக்கியம் பிறகு டார்ச்சைப் பிடித்தார். சின்னது வாயைத் திறக்கவே இல்லை. விரலால் அலகோரம் தடவித் தடவி ஒரு துண்டு உள்ளே போனது. "சாப்புட்டுச்சு, சாப்புட்டுச்சு" என்று அவர் என் தோளைத் தட்டிவிட்டு, சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

இன்னொரு பறவை வருமா என்று வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்போம். வராது. நரி ஏதும் வந்துவிடுமோ என்று அவ்வப்போது டார்ச் அடிப்போம். அந்த நேரத்தில் கொஞ்சம் பேசிக்கொண்டோம். மகள் போன் செய்தால் கேட்பது சாப்பாடு, பதில் சொல்வது சாப்பாடு, அதற்குமேல் இருவருக்கும் பேச்சு வருவதில்லை என்றார். என் வீட்டிலும் அப்படித்தான் என்றேன். வீட்டில் யார் யார் என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அவர் உச்சுக் கொட்டவில்லை. மாந்தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு, "கதவத் தொறந்து உள்ள போற நேரந்தாங்கண்ணா கஷ்டம்" என்றார். பிறகு நான் கடைசி பஸ்ஸுக்கு நடப்பேன். அந்த வாசற்படி நேரத்துக்காகவே காவேரிப்பட்டணத்தில் பகலெல்லாம் காத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு நாள் கழித்துச் சின்னது செத்துவிட்டது. மேடையின் ஓரத்தில் துணிப்பந்து போலக் கிடந்தது. ஆரோக்கியம் அதை மண்வெட்டியால் அள்ளி, ஏற்கெனவே அவர் பெரிய பறவையைப் புதைத்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார். நான் வெட்டுகிறேன் என்றேன். விடவில்லை.

அன்று மாலை கொட்டகைக்குப் போகும் வழியில் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு வயல் தள்ளி ஒரு மின்கம்பத்தின் உச்சியில் வெளுப்பாக ஏதோ இருந்தது. நின்றேன். அது தலையைத் திருப்பியது. கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் காலில் எலி தொங்கியது. ஆரோக்கியம் படியில் உட்கார்ந்து டார்ச் அடித்ததும், கம்பத்திலிருந்து சத்தமே இல்லாமல் எழுந்து, மாந்தோப்புக்கு அப்பால் போய்விட்டது.

அது தினமும் வந்திருக்கிறது. தினமும் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

ஆரோக்கியத்திடம் சொன்னேன். அவர் டார்ச்சை அணைத்தார். "அப்ப நாமதான் வரவிடாம பண்ணமா?" என்றார்.

"ஆமாம்."

"சின்னதுகூட..."

அன்று இரை வைத்துவிட்டு உடனே இறங்கினோம். மறுநாள் இரையும் வைக்க வேண்டாம் என்றேன். குஞ்சுகள் பசித்துக் கத்தினால்தான் அது துணிந்து வரும். வராவிட்டால் என்ன செய்வது என்று அவர் கேட்டார். தெரியாது என்றேன். அந்தப் பகல் முழுவதும் அறையில் மல்லாந்து கிடந்தேன். பிற்பகலில் பிரான்சிஸின் போன் வந்தது. சக்கரங்கள் வந்துவிட்டனவாம். மறுநாள் காலையில் அளவு பார்த்தால் மதியமே கட்டி அனுப்பிவிடலாமாம்.

மாலையில் ராகிப் போருக்குப் பின்னால் நின்றோம். கொட்டகையிலிருந்து நல்ல தூரம். ஏதோ வேலை இருப்பது போல ராஜம்மாவும் வந்து சேர்ந்துகொண்டார். அவர் கொடுத்த எலிப் பை என் கையில் இருந்தது, ஒருவேளை வேண்டியிருக்குமோ என்று. வெளிச்சம் மங்கியது. குஞ்சுகள் சீற ஆரம்பித்தன. போர் வரைக்கும் கேட்டது. ஆரோக்கியம் முந்தானையை இறுக்கிப் போர்த்திக்கொண்டார். சீறல் கூடிக்கொண்டே போனது. நான் ஓரடி முன்னால் வைத்தேன். ஓடிப்போய்ப் பையை அவிழ்த்துவிடலாமா என்றிருந்தது. ஆரோக்கியம் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். இந்தத் தடவை கையை உடனே எடுக்கவில்லை.

அது தாழ்வாக வந்தது. வரப்புக்கு ஒரு முழம் மேலே, வெள்ளைத் துணி ஒன்று தானாகப் பறப்பது போல. சிறகின் ஓசையே இல்லை. கொட்டகை வாசலில் ஒரு கணம் நின்று உள்ளே போனது. சீறல் ஒரே கூச்சலாகி, அடங்கியது.

"யேசப்பா" என்றார் ஆரோக்கியம், மூச்சோடு.

கொஞ்ச நேரத்தில் அது வெளியே வந்து ராகித் தாளின் மேல் வட்டமடித்து, விழுந்து, எழுந்து, மறுபடி உள்ளே போனது. அடுத்த தடவை எங்கள் பக்கமாகவே வந்து, போரின் அடியில் எங்களிடமிருந்து பத்தடி தூரத்தில் ஒரு எலியை அடித்தது. ஓடிய எலிதான், விஷம் தின்று தள்ளாடியது இல்லை. கீச்சென்று ஒரே சத்தம். ராஜம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"என் கிட்டிகூட இவ்ளோ வெரசா புடிக்காது" என்று முணுமுணுத்தார். பிறகு, "எங்க பக்கமும் வருமா சார்?" என்று கேட்டார்.

விஷம் இல்லாத நிலமென்றால் வரும் என்றேன். ஒரு கம்பம் நட்டுக் குறுக்குக் கட்டை அடித்து வைத்தால் உட்கார்ந்து பார்க்கும். பகலில் அதே கட்டையில் கருந்தோள் பருந்து உட்காரும், எலிக்கும் வெட்டுக்கிளிக்கும். தன் மகனிடம் சொல்லி நடச் சொல்வதாக ராஜம்மா சொல்லிவிட்டு, இருட்டுக்குள் நடந்து போனார்.

நாங்கள் இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம்.

"இனிமே எலி கொண்டார வேணாங்கண்ணா" என்றார் ஆரோக்கியம். "நாம வேணாம் அதுங்களுக்கு."

"வேண்டாம்" என்றேன். சக்கரம் வந்துவிட்டதைச் சொன்னேன். அப்படியா என்றார். நல்லது என்றார். என் கையிலிருந்த பையை வாங்கிப் போரடியில் வைத்தார். காலையில் பருந்துக்குப் போடுவாராம்.

"களி கிண்டறேன், சாப்பிட்டுட்டுப் போங்களேன்."

கடைசி பஸ் போய்விடும் என்றேன். அது உண்மைதான். அவர் வற்புறுத்தவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பியவர், நின்று, "நீங்க கொட்டாய்ப் பக்கமா போவாதீங்க. அதுக்குத் தொந்தரவு. மேல் வரப்புல சுத்திப் போங்க" என்றார்.

மேல் வரப்பு எனக்குப் பழக்கமில்லாத வழி. கல்லும் குழியுமாக இருந்தது. டார்ச் சட்டைப்பையில்தான் இருந்தது, எடுக்கவில்லை. காலால் தடவித் தடவி நடந்தேன். ஆரோக்கியத்தின் வீட்டில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு விளக்கு எரிந்தது. வலப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், குஞ்சுகள் மறுபடி சீறத் தொடங்கின. அடுத்த எலி வந்திருக்க வேண்டும். நான் நிற்காமல் நடந்தேன்.